முகம் கழுவிவிட்டுப் போனோம்

போன வருஷம் என் நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டி அனுப்பினார்கள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். இதயம் அடிப்பதை எல்லாம் அது இரவு பகலாகப் பதிந்துகொண்டே இருக்குமாம். கழற்றக் கூடாது, அந்த இடத்தில் தேய்த்துக் குளிக்கக் கூடாது, மற்றபடி எப்போதும் செய்கிற வேலையைச் செய்யுங்கள் என்றார் டாக்டர். எண்பதை நெருங்குகிறவளுக்கு எப்போதும் செய்கிற வேலை என்று என்ன இருக்கிறது? பேரப்பிள்ளைகளைத் திட்டுவது ஒன்றுதான். அதைக் குறைவில்லாமல் செய்தேன்.

எனக்குச் சில வருஷமாகவே அவ்வப்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சொல்லிக்கொள்ளாமல் வரும், சொல்லிக்கொள்ளாமல் போகும். அட்டன் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்க் கை காலில் எல்லாம் வயர் மாட்டிப் படுத்தால், அந்த நேரம் பார்த்து நல்ல பிள்ளையாக அடிக்கும். அதற்காகத்தான் இந்தப் பெட்டி. நாங்கள் பார்க்கிற நேரத்துக்கு அது வராது, ஆகவே அது வருகிற நேரத்தில் பார்ப்பதற்கு ஆள் அனுப்புகிறோம் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்த பெண், என் பேத்தி வயதுதான்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்த அடுத்த வாரம் கூப்பிட்டு, திரையில் காட்டினார். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓர் இடத்தில் திடீரென்று நெருங்கி, தையல் மெஷின் ஓட்டியதுபோல் ஓடியது. கொஞ்ச தூரம் தள்ளி, அதே மாதிரி திடீரென்று அடங்கியது. படபடப்பு வரும்போது தொண்டைக் குழி துடிக்குமா என்று கேட்டார். துடிக்கும் என்றேன். நின்ற பிறகு அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டியிருக்குமா என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஆனாலும் ஆமாம் என்றேன். வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். குளிர்ந்த தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு உட்காருவேன், அதுவாக நின்றுவிடும் என்றேன்.

"யாரும்மா சொல்லித் தந்தாங்க? அதுதான் மொத வைத்தியம். ஐஸ் மாதிரி தண்ணி மூஞ்சில பட்டா, ஒரு நரம்பு இதயத்தப் புடிச்சு அடக்கிரும்."

 பயந்துவிட்டேன் என்று நினைத்து அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். இது உயிரை எடுக்கிற நோய் இல்லை, மாத்திரை இருக்கிறது, சில வீடுகளில் அண்ணன் தங்கை, அக்கா தங்கை என்று இரண்டு பேருக்கு வருவதும் உண்டு என்றெல்லாம் சொன்னார். நான் என் நெஞ்சைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கவில்லை. என் அக்காவின் முகத்தில் அம்மா அள்ளி அள்ளி அடித்த தண்ணீரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலைநாட்டில் வட்டவளைக்கு மேலே, ரோட்டிலிருந்து மூச்சு வாங்க ஏற வேண்டிய தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தோம். அப்பா நாங்கள் சிறுசாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் கொழுந்து எடுக்கப் போனோம். அம்மா வேறு மலை, நானும் அக்காவும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரை. அக்காவின் கை இரண்டும் செடிக்கு மேலே பறக்கும். என் கூடை பாதி நிறையும் முன்னால் அவள் கூடை தளும்பும். அதைச் சொல்லிச் சொல்லியே என் உயிரை வாங்குவாள். ஆனால் பொய் மட்டும் அவளுக்குச் சொல்ல வராது. சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சீனியைத் திருடித் தின்றால், அம்மா கேட்பதற்கு முன்பே இவள் முகம் போய்க் கோள் சொல்லிவிடும். அவளோடு சேர்ந்து ஒரு திருட்டும் உருப்படியாகச் செய்ய முடிந்ததில்லை.

முதல் தடவை வந்தது ஒரு மழை விட்ட காலையில். கீழே வைத்த கூடையைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். கூடையை இறக்கிவிட்டு வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்தாள். என்ன என்று போய்ப் பார்த்தால், தொண்டைக் குழியில் ஒரு தவளை உட்கார்ந்து துடிப்பதுபோல் துடித்துக்கொண்டிருந்தது. ரவிக்கை ஆடியது. கையை வைத்துப் பார்த்தேன், என்னால் எண்ணவே முடியவில்லை, அவ்வளவு வேகம். பயந்துபோய் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே நின்றது. நின்ற மறு நிமிஷம் எழுந்து செடி மறைவுக்கு ஓடினாள்.

அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு, மூன்று தடவை வரத் தொடங்கியது. வரும், உட்காருவாள், நிற்கும், மறைவுக்கு ஓடுவாள். பெண்கள் சும்மா இருப்பார்களா? கல்யாணத்துக்கு முன்னாலேயே மசக்கையா என்று கேட்டுச் சிரித்தார்கள். எங்களை வேலை வாங்குகிற கங்காணிக்குச் சிரிப்பு வரவில்லை. மலை ஏறுகிற நாளாகப் பார்த்துத்தான் இவளுக்கு நெஞ்சு அடிக்குமோ என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். அதில் ஒரு உண்மை இருந்தது. செங்குத்தான மலையில் கூடையோடு குனிந்து நிமிரும்போதுதான் அதிகம் வந்தது. மட்டமான மலைக்கோ, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிற வேலைக்கோ மாற்றிவிட்டால் சமாளித்துவிடுவாள் என்று அம்மா கெஞ்சினாள். டிஸ்பென்சரியில் சொல்லாமல் யாரையும் மாற்ற முடியாது என்றுவிட்டார் கங்காணி.

டிஸ்பென்சரியில் இருந்தவரை நாங்கள் டாக்டர் ஐயா என்போம். படித்த டாக்டர் இல்லை, தோட்டத்து மருந்துக்காரர்தான், யாழ்ப்பாணத்து மனிதர். கெட்டவர் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கொட்டுகிற மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் ஏறி இறங்கிப் பிரசவம் பார்த்தவர். ஆனால் சுத்தம், சுத்தம் என்று உயிரை விடுவார். டிஸ்பென்சரித் தரை சிவப்புச் சிமெந்து, முகம் பார்க்கலாம். வாசலில் ஒரு பீலி, மலை ஊற்றுத் தண்ணீர் மூங்கில் குழாய் வழியாக விழுந்துகொண்டே இருக்கும். கை, கால், முகம் கழுவாமல் யாரும் படி ஏறக் கூடாது. சேறும் கொழுந்துக் கறையும் அட்டை கடித்த இரத்தமுமாக வருகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு ஆத்திரம் வந்துவிடும்.

இதில் அம்மா அவரையும் மிஞ்சினவள். ஐயா முன்னால் போய் நிற்பது என்றால் கோயிலுக்குப் போகிற மாதிரி. படபடப்பு வந்து அக்காவை லயத்துக்குக் கூட்டி வந்தால், அம்மா முதலில் செய்வது இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து எறிவது. பிறகு லயத்துப் பீலிக்கு இழுத்துப் போய்க் குனிய வைத்து, முகத்தில் தண்ணீரை அள்ளி அடிப்பாள். அந்தத் தண்ணீரைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல் விறைத்துப் போகும். துடைத்து, தலை வாரி, தீபாவளிச் சேலையைக் கட்டி, திருநீறு பூசி முடிக்கும்போது அக்கா மெதுவாகச் சொல்வாள், சரியாகிவிட்டது என்று. மாரியாத்தா கண் திறந்துவிட்டாள் என்று அம்மா கும்பிடுவாள். இருந்தாலும் புறப்பட்டாயிற்றே என்று போவோம்.

ஐயா மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்ப்பார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பார். ஒன்றும் இருக்காது. ஒரு மருந்துத் தண்ணியைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து அனுப்புவார். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை அவருக்குச் சலிப்பு வந்துவிட்டது.

"துடிக்கேக்க கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் கண்ணால பாத்தால்தான் நுவரெலியாவுக்குத் துண்டு எழுதலாம். சும்மா எழுதினால் அங்க என்னைத்தான் பேசுவினம்."

நியாயமான பேச்சுதான். நெஞ்சு துடிக்கும்போது அவர் கையில் இவள் கை இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார். அப்படி நடந்தால் அவர் துண்டுச் சீட்டோடு நுவரெலியா பெரியாஸ்பத்திரி, இல்லாவிட்டாலும் மட்டமான மலை. நடக்காவிட்டால் அந்தச் செங்குத்து மலையும் கங்காணி வாயும்தான் கடைசிவரை. அம்மா அன்றிலிருந்து தினமும் வேண்டிக்கொண்டாள், அடுத்த தடவை ஐயா முன்னால் போய் நிற்கிறவரை அது நிற்காமல் இருக்க வேண்டும் என்று. மகளுக்கு நோய் நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட தாய் எங்கள் தோட்டத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வேண்டிக்கொண்டவள் தண்ணீரை மட்டும் விடவில்லை. அதையும் இதையும் யார் சேர்த்துப் பார்த்தோம்?

இதற்கிடையில் வலப்பனைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அம்மாவுக்குத் தூரத்து உறவு, பையன் நல்ல உழைப்பாளி. பொங்கல் கழித்துப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெண்ணுக்கு நெஞ்சு நோயாமே என்று யாரோ அங்கே போய் ஓதிவிட்டதாகவும் கேள்விப்பட்டோம். அக்காவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. திருவிழாவில் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அந்த வாரம்தான் மலையில் மறுபடி வந்தது. முன்னெப்போதையும்விடப் பலமாக வந்தது. உட்கார்ந்தவள் உதடு வெளுத்துச் செடியில் சாய்ந்துவிட்டாள். கங்காணியே பயந்துபோய், லயத்துக்குப் போகாமல் நேரே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போ என்று என்னிடம் சொன்னார். அம்மா வேறு மலையில் இருந்தாள். குறுக்குப் பாதையில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வழியெல்லாம் கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். துடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இப்படி ஒரு சந்தோஷம் யாருக்காவது வருமா? இன்னும் துடிக்குதா, இன்னும் துடிக்குதா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவளும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

டிஸ்பென்சரி வாசலுக்கு வந்தபோதும் துடித்துக்கொண்டுதான் இருந்தது. ஜன்னல் வழியாக ஐயா மேசையில் உட்கார்ந்து ஏதோ எழுதுவது தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் அப்படியே ஏறிவிடலாம் என்று இழுத்தேன். அக்கா தன்னைக் குனிந்து பார்த்தாள். முழங்கால் வரை சேறு, படங்கு முழுக்க ஈரம், முகத்தில் மண்.

"இந்தக் கோலத்துல எப்புடிடி ஐயா முன்னுக்குப் போறது? படங்கப் புடி."

பிடித்துக்கொண்டேன். அவள் பீலிக்குக் குனிந்து, இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தி முகத்தில் அடித்தாள். இரண்டாவது தடவை ஏந்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் விரல் இடுக்கில் ஒழுகிப் போனது. திரும்பி என்னைப் பார்த்து, நின்றுவிட்டது என்றாள். கழுத்தைப் பார்த்தேன். தொண்டைக் குழி சும்மா இருந்தது. அவள் பீலிக் கல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நோய் விட்டதற்காக ஒருத்தி அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன், அதற்கப்புறமும் பார்த்ததில்லை.

ஐயா கூப்பிட்டுவிட்டார். திரும்பிப் போகவும் முடியாது, கங்காணி ஆள் அனுப்பிக் கேட்பார். உள்ளே போனோம். மணிக்கட்டு, கடிகாரம், குழாய் எல்லாம் ஆயிற்று. குழாயைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார். மருந்துக்குக் காத்திருந்தவர்கள் பெஞ்சு நிறைய இருந்தார்கள். நேற்று ஒருத்தன் வயிற்று வலி என்று வந்து தன்னை ஏமாற்றப் பார்த்ததையும், முந்தாநாள் ஒருத்தி காய்ச்சல் என்று வந்ததையும் சொல்லிச் சத்தம் போட்டார். அதுவும் பொய்யில்லை. நானே மழை நாளில் வயிற்று வலி என்று போய் நின்றவள்தான். இனியும் இப்படி வந்தால் பெரிய துரையிடம் சொல்லிப் பேரை வெட்டிவிடுவேன் என்றார். பேரை வெட்டினால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் லயத்தில் இடமும் இல்லை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு அக்காவிடம் கேட்டார்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. உனக்கு வருத்தம் ஏதும் இருக்கோ, இல்லாட்டி மலைக்குப் போகக் கள்ளமோ?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் பாதத்தின்மேல் தன் பாதத்தை வைத்து அழுத்தினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் வலப்பனைப் பக்கம் போக்குவரத்து உள்ள ஒரு கிழவரும் இருந்தார். வருத்தம் என்று அவர் கேட்ட நோய் இருக்கிறது என்றால் கல்யாணம் போகும். இல்லை என்று காட்டவோ, உண்டு என்று காட்டவோ அவளிடம் எதுவும் இல்லை.

"வருத்தம் ஒன்னும் இல்லைங்க ஐயா. சும்மாத்தான் சொன்னேங்க."

அவள் வாழ்க்கையில் தடுமாறாமல் சொன்ன ஒரே பொய் அதுதான். ஐயா அப்படியே நம்பினார். இனி ஒழுங்காக இரு என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

நாங்கள் லயத்துக்கு வருவதற்கு முன்பே செய்தி அம்மாவுக்கு வந்துவிட்டது. அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, கல்யாணத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன், நிஜமாகவே துடிக்கிறது அம்மா என்றாள். நானும் கண்ணால் பார்த்தேன் என்றேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. ஐயா முன்னால் நின்று சொன்னதுதான் உண்மை, அங்கே போய்ப் பொய் சொல்ல யாருக்கு வரும் என்றாள். மாரியாத்தாளை எத்தனை தடவை கூப்பிட்டேன், அவளையும் சேர்த்து ஏமாற்றினாயே என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். மறுநாள் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு தனியாக டிஸ்பென்சரிக்குப் போய், மகள் செய்த தப்புக்கு ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டும் வந்தாள்.

பொங்கல் கழிந்து வந்தார்கள். சோம்பேறிப் பெண்ணைத் திருத்திக்கொள்ளலாம், நோயாளிப் பெண்ணை என்ன செய்வது என்று பேசிச் சிரித்துக்கொண்டே தாம்பூலம் மாற்றினார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். தோட்டத்தில் அவளுக்கு நடிப்புக்காரி என்று பேராகிவிட்டது. பாசமாகத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் படபடப்பு வருவது மட்டும் நிற்கவில்லை. கூடையை இறக்கிவிட்டு உட்காரும்போது அவளே சொல்வாள், நடிப்பு வந்துவிட்டது என்று. முதலில் வேடிக்கையாகச் சொன்னாள். பிறகு வேடிக்கை போய், அந்த நோய்க்கு அதுவே பெயராக நின்றுவிட்டது. புருஷன் வீட்டிலும் அதே பெயர்தான் என்று பிறகு தெரிந்தது.

அறுபதுகளின் கடைசியில், இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி, அத்தான் வீட்டு ஆட்கள் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். அக்காவும் கைக்குழந்தையோடு கிளம்பினாள். ஸ்டேஷனில் அம்மா குழந்தையை வாங்கி முத்தம் கொடுத்தாள், அக்காவின் தலையைத் தடவினாள். ரயில் நகரும்போது ஜன்னலோடு சேர்ந்து நடந்துகொண்டே சொன்னாள்.

"போற எடத்துலயாச்சும் நடிக்காம ஒழுங்கா இரு புள்ள."

அதற்குப் பிறகு அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. அம்மா செத்த செய்தி அக்காவுக்குக் கடிதத்தில்தான் போனது. அம்மாவிடம் விளக்கிச் சொல்ல எனக்குப் பல வருஷம் இருந்தது. நான் சொல்லாமல் இல்லை. கண்ணால் பார்த்தேன் என்று சொல்வதைத் தவிர என் கையிலும் எதுவும் இருக்கவில்லை. எங்களைவிட ஐயா கையில் இருந்த கடிகாரம் பெரிது. ஒரு தீப்பெட்டி அளவு பெட்டி அன்றைக்கு இருந்திருந்தால் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதுகூட வேண்டாம். அழுக்கு முகத்தோடு ஒரே ஒரு நாள் படி ஏற விட்டிருந்தால் போதும்.

டாக்டரிடமிருந்து வந்த அன்றே மகளிடம் போன் போட்டுத் தரச் சொன்னேன். அக்கா இப்போது கோத்தகிரிப் பக்கம் பேரன் வீட்டில் இருக்கிறாள். என்னைவிட அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. பெட்டியைப் பற்றிச் சொன்னேன், கோடு நெருங்கி ஓடியதைச் சொன்னேன், தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். முகம் கழுவியதால்தான் ஒவ்வொரு தடவையும் நின்றது என்று டாக்டர் சொன்னதை இரண்டு தடவை சொன்னேன். அவள் ஊம் கொட்டிக்கொண்டே கேட்டாள். உனக்கு வந்தது நடிப்பு இல்லை அக்கா, நோய்தான், அதற்கு ஒரு பெயர்கூட இருக்கிறது என்றேன்.

  

"அப்ப நான் பொய் சொல்லலியாடி?" என்றாள் அக்கா.

இல்லை என்றேன். அம்மாவிடம் சொன்னதெல்லாம் உண்மைதான் என்றேன்.

"இத இப்ப அம்மாகிட்ட யாருடி போய்ச் சொல்றது?"

அம்மா செத்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது.